சர்டிபிகேட்டுக்குப் பயந்தவள்

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குக் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். காலையில் டீ, இரண்டு பிஸ்கட். மாலையில் ஒரு கையெழுத்து. பிள்ளை வந்து சொன்னால் உடனே போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், தெரிந்தும் மறைத்தால் அதுவும் குற்றம் என்று திரையில் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டேன். கோடு போடுவதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை செய்கிறேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காலனிதான் நான் பிறந்த இடம். அங்கிருந்து முதலில் வாத்தியார் வேலைக்கு வந்தவள் நான்தான். வேலை கிடைத்ததும் பஸ் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டேன். ஆனாலும் காலனியில் எந்த வீட்டிலும் கேட்காமலே உள்ளே போய் உட்காருகிற உரிமை எனக்கு உண்டு.

ஒரு திங்கட்கிழமை கடைசி மணி அடித்த பிறகும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போகாமல் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. காலனிப் பிள்ளை. துடைத்த பெஞ்சையே மூன்றாம் தடவை துடைத்தபோது, இன்னா விஷயம் என்று கேட்டேன்.

"பை குடுக்க என்ன அனுப்ப வேணாம்னு எங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா டீச்சர்?"

"ஏன்?"

"கதவ சாத்துறாரு டீச்சர்."

அதற்கு மேல் அவள் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது. கேட்க வேண்டியவர்கள் கேட்டாகிவிட்டது.

பை என்றால் அப்பர் பை. ஷூவின் மேல்பாகத்தைத்தான் எங்கள் பக்கம் அப்பர் என்போம். ஏஜெண்டு ஒருவர் கம்பெனியிலிருந்து வெட்டிய தோலை வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். பெண்கள் கையால் தைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இந்தப் பெண்ணின் அம்மா பகலில் ஷூ கம்பெனியில் வேலை. விடியற்காலையில் எழுந்து வீட்டில் அப்பர் தைப்பாள். கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும்போது ஏழு மணி ஆகிவிடும். ஏஜெண்டு ஆறு மணிக்கே குடோனைப் பூட்டிவிடுவார். அதனால் பள்ளி விட்டு வந்த பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு போகும். அவள் வீட்டில் மட்டும் இல்லை, காலனியில் பாதி வீட்டில் இதுதான் வழக்கம். பிள்ளை தனியாகப் போகிறதே என்று யாரும் யோசித்ததில்லை. ஏஜெண்டு வெளி ஆள் இல்லையே, காலனிக்காரர்தானே. பெரியவர்களுக்கு அண்ணன், பிள்ளைகளுக்கு மாமா. ரேஷன் கார்டா, ஆதாரா, சாதிச் சான்றிதழா, எல்லாவற்றுக்கும் தாலுகா ஆபீசுக்கு அலைபவர் அவர்தான்.

இதுவரை 'அவர்' என்று எழுதியது பழக்கதோஷம். இனிமேல் அவன்தான்.

அன்று ஏழு மணிக்கு அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய், கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுச் சொன்னேன். அவள் கையில் இருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்படியே தலையில் அடித்துக்கொண்டாள். அழுது முடித்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான்:

"ஸ்டேஷனுக்குப் போலாமாக்கா? நீ கூட வர்றியா?"

அவள் கேட்டாள். எட்டாவதுகூடத் தாண்டாத அவளுக்குச் சரியானது உடனே தோன்றியது. இரண்டு டிகிரி வாங்கின நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவசரப்படாத. ஸ்டேஷன்ல மொதல்ல சர்டிபிகேட்ட கேப்பாங்க. அப்பறம் சர்ச் ரிஜிஸ்டர தோண்டுவாங்க. உன் பெரிய பையன் காலேஜு படிப்பு இன்னா ஆவும், யோசிச்சியா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, மற்ற ஆறு நாளைக்கு ஒன்று. சர்ச்சுக்குப் போகிறோம், சான்றிதழில் இந்து என்று இருக்கிறது. மதம் மாறினால் ஆதிதிராவிடர் என்ற சலுகை கிடையாது என்கிறது சட்டம். தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சாதி கழுவிக்கொண்டு போய்விடும் என்று சட்டத்துக்கு நம்பிக்கை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆகவே இரண்டு பெயரோடு வாழப் பழகிவிட்டோம். என் வேலையும் அந்தச் சான்றிதழில் வந்ததுதான்.

காலனியில் நாங்கள் பார்த்த வழக்கெல்லாம் சாதிச் சண்டை வழக்கு. அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வைத்து, எந்தப் புகார் கொடுத்தாலும் கேட்பார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. பயம் இருக்கிற இடத்தில் விசாரணை எங்கே வரும்? அந்த அம்மாவிடம் அவள் மகன் படிப்பைக் காட்டினேனே தவிர, நான் பயந்தது என் வேலைக்காக. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பொண்ண இனிமே அங்க அனுப்பாத. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். காலனி என்ற வார்த்தை வந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

"நீங்களும் அங்கேர்ந்து வந்தவங்கதானே டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? அவங்களுக்கு இதெல்லாம் சகஜம். நாம தலையிட்டா ஸ்கூல் பேருதான் கெடும்."

சகஜமாம்! தலையில் அடித்துக்கொண்டு அழுத தாயை முந்தின நாள்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எந்த ஊரில், எந்தச் சாதியில், எந்தத் தாய்க்கு இது சகஜம்? இதையே பஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பங்களா வீட்டுப் பிள்ளை வந்து சொல்லியிருந்தால் இந்தப் பேனா மூடியிருக்குமா? இந்தக் கேள்விகளெல்லாம் இப்போது எழுதும்போது கொட்டுகின்றன. அன்றைக்கு நான் "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னேன்.

காலனியில் மட்டும் என்ன வாழ்ந்தது? பெண்ணை அனுப்பவில்லை என்றதும் விஷயம் கசிந்துவிட்டது. "நம்ம ஆளு, போலீசுல காட்டிக் குடுத்தா நாளைக்கு ஒட்டுமொத்த காலனியத்தான் அசிங்கமா பேசுவாங்க" என்றார்கள் பெரியவர்கள். வெளியில் இருப்பவர்கள் 'அவர்கள் அப்படித்தான்' என்று சொல்லிப் பிள்ளையைக் கைவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் 'நம்ம ஆள்' என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். இரண்டு பேருமே பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் தினமும் முன் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். அந்த ஏஜெண்டு என் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், முகம் கொள்ளாத சிரிப்பு.

"இன்னா தங்கச்சி, நல்லா கீறியா? உன் சர்டிபிகேட்டுக்கு தாலுகா ஆபீசுல நான் எத்தினி நாளு காத்துக் கெடந்தேன், ஞாபகம் கீதுல்ல? இப்பலாம் எல்லாத்தையும் மறுபடி வெரிபிகேஷன் பண்றாங்களாமே. ஜாக்கிரதையா இரு."

செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். நான் வண்டிச் சாவியைத் தேடினேன். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். இங்கே அந்த வேலியைப் பார்த்துப் பயிர்க்காரர்கள் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

அடுத்த புதன்கிழமை மதிய இடைவேளையில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். மணிக்கட்டில் ஊதா நிறத்தில் தடம்.

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு எங்கம்மா என்ன அனுப்பல. பாப்பாவ அனுப்பறாங்க."

பாப்பா அவள் தங்கை. மூன்றாம் வகுப்பு.

"அது சின்னதுதான, அத ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு எங்கம்மா சொல்லுது. நேத்து நான் பாப்பா கையிலேர்ந்து பைய புடுங்கினு நானே போய்ட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்தது. 'மத்தத நான் பாத்துக்கறேன்' என்றவளின் லட்சணம் இது. நான் பார்த்துக்கொண்ட அழகில், ஒரு பிள்ளைக்கு இருந்த ஆபத்து இரண்டு பிள்ளைக்கு ஆகிவிட்டது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று கேட்டவளைத் தடுத்து, கையில் பையோடு நிறுத்தியது நான்தான். பை போகாவிட்டால் வேலை நின்றுவிடும். யாராவது ஒருவர் கொண்டுபோகத்தானே வேண்டும்? அதை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டு நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்று வழியெல்லாம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். கைப்பையில் என் சான்றிதழ் நகல், அந்தப் பெண்ணின் பள்ளிப் பதிவேட்டு நகல், எல்லாம் இருந்தன. இன்ஸ்பெக்டர் அம்மா கேட்கும் முன்பே சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு?"

"சாதி சர்டிபிகேட்டு மேடம். கேப்பீங்கன்னு..."

"நான் எதுக்கு இத கேக்கப் போறேன்? பொண்ணுக்கு வயசு இன்னா, அத சொல்லுங்க மொதல்ல."

அவ்வளவுதான். வயது. அது ஒன்றைத்தான் கேட்டார். மதத்தைக் கேட்கவில்லை, சர்ச்சைக் கேட்கவில்லை, எந்தத் தெரு என்றுகூட விலாசம் எழுதும்போதுதான் கேட்டார். எனக்கு அவர் மேஜையிலேயே தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கேட்காத ஒரு காகிதத்துக்குப் பயந்து, விஷயம் தெரிந்த பிறகும் ஒரு காலனியே பிள்ளைகளைக் குடோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களை இப்படிப் பயப்பட வைத்தவர்கள் மேலும் கோபம், பயந்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கிய என் மேலும் கோபம்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனை அன்று மாலையே கொண்டுபோனார்கள். வழக்கு நடக்கிறது. வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். காலனியில் சிலர் இன்னும் என்னைக் கண்டால் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். தலைமை ஆசிரியை, "எங்கிட்ட நீங்க தெளிவா சொல்லவே இல்லியே டீச்சர்" என்கிறார். அவரிடம் போனதையும் போலீசில் சொல்லியிருக்கிறேன். என் சான்றிதழை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்கட்டும்.

அந்தப் புதன்கிழமைக்கே திரும்பி வருகிறேன். பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாதாம். அவள் எங்கே பேச விரும்புகிறாளோ அங்கேதான் கேட்க வேண்டுமாம். டீச்சர் வீட்டில் என்றாள். இன்ஸ்பெக்டர் அம்மா யூனிபார்ம் இல்லாமல் சுடிதாரில் வந்தார். கம்பெனியிலிருந்து பாதியில் ஓடிவந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெண் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். ஒரு தடவைகூட அழவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் கேட்டார்:

"இத மொதல்ல யார்கிட்டம்மா சொன்ன?"

"எங்க டீச்சர்கிட்ட."

"எப்ப?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "இன்னிக்குத்தான் மேடம். டீச்சர் ஒடனே கெளம்பி வந்துட்டாங்க."

தடுமாறாமல் சொன்னாள். மற்ற எல்லாப் பதிலையும் திக்கித் திக்கிச் சொன்ன பிள்ளை, இதை மட்டும் மனப்பாடம் செய்துவைத்த மாதிரி சொன்னாள். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொள்ளப் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இல்ல மேடம்" என்றேன். "போன வாரம் திங்கக்கெழமயே சொல்லிட்டா. ஒம்போது நாளாச்சு. இவங்கம்மா அன்னிக்கே உங்ககிட்ட வரலாம்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன். அப்படியே எழுதிக்குங்க."

பெண் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். அவ்வளவு நேரம் அழாதவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

"ஐயோ, இன்னாத்துக்கு சொன்னீங்க டீச்சர்? உங்க வேல போய்டுமே!"

பதிமூன்று வயதில் அந்தப் பிள்ளை இரண்டு பேரைக் காப்பாற்றப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தங்கையை, புதன்கிழமை என்னை. அவளைக் காப்பாற்றத்தான் ஒன்பது நாளாக எங்களில் ஒருவரும் இல்லை.