வடிவாப் பாடுங்கோ

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்கும்போதெல்லாம் கண்டக்டர், "கேரளாவாங்க?" என்பார். "இல்லை, யாழ்ப்பாணம். தமிழ்தான்" என்பேன். "அட, தமிழ் நல்லாவே பேசறீங்களே!" என்று பாராட்டிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்வார். யாழ்ப்பாணத்தில், ஊரிலேயே இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தாய்மொழியைப் பேசியதற்குப் பாராட்டு வாங்கியவளுக்கோ இறங்கும் இடம் வரும்வரை இருப்புக் கொள்ளாது.

படகில் வந்து எட்டு மாதம் கழித்து, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகத் தற்காலிக வேலை கிடைத்தது. நாலாம், ஐந்தாம் வகுப்புகள். தலைமை ஆசிரியையான சிஸ்டர் முதல் நாளே ஒரு நீள நோட்டைக் கொடுத்து, "மூணு மாசத்துக்குப் பாடத்திட்டம் எழுதிக் குடுத்துருங்க டீச்சர்" என்றார். மூன்று மாதம்! கனடாவிலிருந்து கணவரின் தம்பி கடிதம் போட்டால் அடுத்த வாரமே விசாவுக்கு மெட்ராஸ். சண்டை நின்றால் அதற்கும் முன்னால் ஊர். வெள்ளிக்கிழமைக்கு அப்பால் ஒரு வரிகூட எனக்கு எழுத வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பெண் பிள்ளைகள். பன்னிரண்டு பேர் ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்பது பேரும் பின்னால் குனிந்து கையெழுத்துப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆசிரியை குரல் பார்த்துப் பிரித்த ஏற்பாடு அது. அழகாகப் பாடுங்கள் என்ற அர்த்தத்தில், "வடிவாப் பாடுங்கோ பிள்ளையள்" என்றேன். கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"டீச்சர், அவ பாட மாட்டா. அவ எழுதுற பொண்ணு."

"டீச்சர்தானே வடிவைப் பாடச் சொன்னாங்க!" என்றாள் அவள், விட்டுக்கொடுக்காமல். லால்குடிப் பக்கத்துப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பெயரே வடிவு.

உன்னைச் சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில், ஒரு போட்டிக்கு முன்னால், கரகரத்த குரலுள்ள பிள்ளை ஒருத்தியிடம், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று சொன்னவள் நான். முதல் பரிசு வாங்கினோம். போட்டோவிலும் அவள் வாயைத் திறந்தபடிதான் நிற்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை, எரிந்துவிட்டது. அவள் எங்கே என்று கேட்டு ஊருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

"ஓம், பாடு வடிவு" என்று தலையாட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சுருதியை அவள் எட்டவில்லை, குரல் பிளந்தது. நான் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தேன். ஒன்றரைக் கட்டையில் அவள் குரல் கனமாக, அசையாமல் வந்து நின்றது. பின்வரிசையில் நாலைந்து பென்சில்கள் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அன்று மாலை நோட்டைத் திறந்தேன். முதலில் எல்லோரும் அவரவர் பெயரை அவரவருக்கு எட்டும் சுருதியில் பாட வேண்டும். கனத்த குரல்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, அதன்மேல் மற்றவர்கள் பாட வேண்டும். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் தாளத்தில் தொடங்கட்டும், பாட்டு தானாக வரும். இப்படி எழுதிக்கொண்டே போய் நிமிர்ந்தபோது மூன்று மாதமும் நிரம்பியிருந்தது.

ஆண்டு விழா நெருங்கியபோது சிஸ்டர் கூப்பிட்டார். "பன்னெண்டு பேர் போதும் டீச்சர். மேடை சின்னது."

"அம்பத்திரண்டு பேரும் பாடுவினம், சிஸ்டர்."

அவர் ஆசிரியைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்தார். "நீங்க இங்க இன்னும் எவ்வளவு நாளைக்கு இருப்பீங்க?"

போய்விடு என்கிறார் என்றே எனக்குப் பட்டது. "சொன்னால் இப்பவே வெளிக்கிடுறன்" என்றேன், கதவுப் பக்கம் திரும்பியபடி.

சிஸ்டர் பதறி எழுந்தார். "அடடா, இதுக்கு ஏன் கேட்டுக்கிட்டு? பின்பக்கம்தான் இருக்கு, போயிட்டு வாங்க" என்று கழிவறைச் சாவியை நீட்டினார். எங்களுக்கு வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது என்று விளக்கியபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அடுத்த வருஷத்துக்கும் உங்க பேரைப் போடலாமான்னுதாம்மா கேட்டேன்" என்றார் அவர். பிறகு, "மேடை பத்தலைன்னா எல்லாரும் கீழயே நிக்கட்டும்."

ஐம்பத்திரண்டு பேரும் மேடைக்கு முன்னால் மண்ணில் நின்று பாடினார்கள். தாளம் இரண்டு இடத்தில் ஓடிவிட்டது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, "எம் பொண்ணு குரல் தனியாக் கேக்கவே இல்லீங்க" என்று குறைப்பட்டார். வடிவும் அவளோடு சேர்ந்தவர்களும் பிடித்த அந்த ஒரே ஸ்வரம் மட்டும் கடைசிவரை இறங்கவில்லை.

மறு வாரம் கனடாக் கடிதம் வந்தது. விசா விஷயமாக விசாரிக்கக் கணவர் மெட்ராஸ் புறப்பட்டார். காலையில் திருச்சி ஜங்ஷனில் அவரை ஏற்றிவிட்டு மேம்பாலத்தில் திரும்பி நடந்தேன். ஒரு பக்கம் அவருடைய ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம் ராமேஸ்வரம் போகும் வண்டி வந்து நின்றது. அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் நீங்கள். போகிற வண்டியின் கடைசிப் பெட்டியையும் நிற்கிற வண்டியின் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தபடி பாலத்தின் நடுவில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் என் இரண்டாம் பீரியடுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.