தாணு இறங்கிப்போன மேடை

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் லாட்ஜ் ஒன்றில் தாணுலிங்கம் மேனேஜர். வயது நாற்பத்தைந்து. அவருடைய அப்பாவும் அங்கேதான் மேனேஜராக இருந்தார். பூதப்பாண்டியிலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா போன பிறகு அந்த நாற்காலி மகனுக்கு வந்தது. தாணு தங்குவதும் அதே கட்டடத்தில்தான், இரண்டாவது மாடியின் கடைசி அறையில். கல்யாணம் இரண்டு முறை பேச்சு வரைக்கும் வந்து நின்றுபோனது. அம்மா கடைசிக் காலத்தில் நாகர்கோவிலில் அக்கா வீட்டில் இருந்து அங்கேயே கண்ணை மூடினாள்.

பகல் முழுக்க அவரைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். ஆனால் "ஐடி கார்டு இருக்கா?", "சுடுதண்ணி காலையில எட்டு மணி வரைக்கும்தான்" என்ற இரண்டு வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் பேசாமலே சில நாட்கள் முடிந்துவிடும். அதை அவர் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஆளில்லை.

இவர் ஒரு காலத்தில் ஹார்ட் ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர் என்று சொன்னால் அந்தச் சந்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

குழுவின் பெயர் 'கரிங்கல்', கருங்கல்லுக்கு மலையாளச் சொல். தொண்ணூற்றெட்டில், கல்லூரி இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. பாடியவன் ஸ்ரீகுமார். லீட் கிட்டார் பிரவின்ராஜ். ட்ரம்ஸ் நீது. அவள் மலைமேல் இருக்கும் போணக்காடு தேயிலை எஸ்டேட் கிளார்க்கின் மகள். அடிவாரத்து வித்துராவிலிருந்து பஸ் பிடித்து, பையில் குச்சிகளோடு வருவாள். நகரத்தில் ட்ரம்ஸ் அடிக்கிற பெண் வேறு யாரும் இருந்ததாக அவர்களுக்குத் தெரியாது. லாட்ஜ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த அறையில் பயிற்சி. தங்கியிருப்பவர்கள் வெளியே போயிருக்கும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே மட்டும் வாசிக்கலாம் என்று அப்பா அனுமதி கொடுத்திருந்தார். ஒரு நாள் தொட்டியில் விரிசல் விழுந்தபோது, "உங்க சத்தத்துலதான்டே பொளந்துட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முதலில் கல்லூரி விழாக்கள். பிறகு கொச்சி, கோயம்புத்தூர். இரண்டாயிரத்து இரண்டில் பெங்களூரில் நடந்த போட்டியில் பதினெட்டுக் குழுக்களில் இரண்டாவதாக வந்தார்கள். அங்கே அவர்களைத் தூக்கி நிறுத்தியது தாணு எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டு: 'காத்திருப்போர் அறை'. ரயில் போன பிறகும் எழுந்திருக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பற்றியது. தமிழில் இருந்தாலும் மலையாளத்துப் பிள்ளைகள் கூடவே கத்திப் பாடினார்கள்.

அடுத்த வருஷம் ஒரு டிவி சேனல் அந்தப் பாட்டைப் படம்பிடித்து, ஓணத்தன்று காலையில் ஒளிபரப்பியது. தாணு லாட்ஜில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். வரவேற்பறை டிவிக்கு முன்னால் அப்பா, பக்கத்துக் கடைக்காரர்கள், அறையெடுத்துத் தங்கியிருந்தவர்கள் என இருபது பேர் நின்றார்கள். பாட்டு முடிந்தது. திரையில் எழுத்து ஓடியது. 'பாடல், இசை: ஸ்ரீகுமார்.'

அப்பா திரும்பிப் பார்த்தார். "உம் பேரு எங்கடே?"

பின்னால் நின்ற யாரோ, "கிட்டாரை வச்சிக்கிட்டு ஓரத்துல நின்னது இவர்தான்" என்றார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு கல்லூரி அரங்கில் நிகழ்ச்சி. எழுநூறு பேர். ஸ்ரீகுமார் மைக்கில், "இனி நம்மட பாட்டு" என்று சொல்லித் தொடங்கினான். இரண்டாவது சரணத்தில் தாணு ஒயரைப் பிடுங்கினார், கிட்டாரைத் தரையில் வைத்தார், பக்கப் படிகளில் இறங்கிப் போய்விட்டார். பாஸ் இல்லாமல் பாட்டு நொண்டியது. நீது திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அடித்து முடித்தாள்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ரீகுமாருக்குத் தெரியும் என்றே நினைத்தார். அவன் இரண்டு முறை லாட்ஜுக்கு வந்தான். தாணு மாடியிலேயே இருந்துகொண்டார். "அவன் இல்லப்பா" என்று அப்பா பொய் சொல்லி அனுப்பினார். நீது கடிதம் எழுதினாள், பதில் போடவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கரிங்கல் இல்லாமல் போனது. பிரவின்ராஜ் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். நீது நர்சிங் முடித்து அயர்லாந்துக்குப் போனாள். ஸ்ரீகுமார் ஒரு வருஷம் தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு துபாய்க்குப் போனான். தாணு மட்டும் எங்கும் போகவில்லை.

இருபத்தொரு வருஷம் கழித்து ஒரு ஜூலை மதியம், கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள்.

"ரூம் இருக்கா?"

"ஐடி கார்டு இருக்கா?" தாணு ரிஜிஸ்டரைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

அவள் ஒரு வெளிநாட்டு அட்டையை வைத்தாள். பெயரைப் படித்தபின்தான் அவர் நிமிர்ந்தார். முன்பக்க முடி நரைத்திருந்தது. தோளில் பை தொங்கும் விதம் மட்டும் மாறவில்லை.

"நான் ரூமுக்கு வரலடே. ஆளைப் பாக்க வந்தேன்" என்றாள் நீது. "லெட்டருக்குப் பதில் போடாதவன் உயிரோட இருக்கானான்னு."

"உக்காரு. சாயா குடிக்கியா?"

"குடிக்கலாம். பின்னே, ஒரு காரியம். அவங்க ரெண்டு பேருட்டயும் பேசியாச்சு. ஆகஸ்ட்ல எல்லாரும் ஊர்ல உண்டு. ஒரு தடவை வாசிப்போம்."

"எனக்கு விரல் வராது நீது."

"எனக்கு முட்டு வராது. அதனால என்ன?"

அவர் மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தார். ஆனால் அவ்வளவு நேரம் ஒருவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்ற யோசனையில், தலையாட்டிவிட்டார்.

கரமனையில் வாடகை ஸ்டுடியோவில் நாலு நாள் பயிற்சி. ஸ்ரீகுமாருக்குத் தலை வழுக்கை, மூக்கில் கண்ணாடி. குரல் இறங்கியிருந்ததால் எல்லாப் பாட்டையும் சுருதி குறைத்து வாசித்தார்கள். முதல் நாள் யாரும் பழையதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் வாசலில் சாயா குடிக்கும்போது ஸ்ரீகுமார் கேட்டான்.

"தாணு, ஒண்ணு கேட்டா கோபப்படாதே. அன்னிக்கு நீ எதுக்கு இறங்கிப் போனே? எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசிலாகல."

தாணு அவன் முகத்தையே பார்த்தார். அவன் நடிக்கவில்லை.

"டிவியில ஓம் பேரைப் போட்டல்லா? என் பாட்டுக்கு."

"எந்த டிவியில?"

"ஓணத்தன்னிக்கு."

"அந்த புரோக்ராம் நான் பார்க்கவே இல்லை. அம்மையும் அச்சனுமா அன்னிக்கு நாங்க குருவாயூர்ல. பேரு போட்டாங்களா? என் பேரா?"

பிரவின்ராஜ் கிளாசைக் கீழே வைத்தான். "அந்த ஃபாரம் நான்தான் பூர்த்தி பண்ணினேன்" என்றான் மெதுவாக. "குழு சார்பா ஒரு பேரு கேட்டாங்க. இவன் பேரை எழுதினேன். அதையே போட்டிருப்பாங்க. நானும் அதைக் கவனிக்கல தாணு."

தாணுவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு அறையில் தங்கியிருந்த ஒருவன் சொல்லாமல் கிளம்பிப் போனதுபோல் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா தீந்திருக்கும்" என்றாள் நீது. அவர் கிளாசைக் கழுவக் குழாயடிக்குப் போனார். கழுவி முடித்த பின்பும் தண்ணீரை மூடாமல் நின்றார்.

சனிக்கிழமை மாலை சின்ன அரங்கில் நிகழ்ச்சி. நூற்றைம்பது பேர் இருக்கும். பழைய கல்லூரிக்காரர்கள், காதைப் பொத்திக்கொண்ட அவர்களுடைய பிள்ளைகள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஸ்ரீகுமார் மைக்கில் சொன்னான்: "இது எழுதினதும் மெட்டுப் போட்டதும் தாணுலிங்கம். இதுவரைக்கும் நான் சொல்லல. தப்புதான்."

கைதட்டினார்கள். தாணு அந்த நொடிக்குத்தான் இத்தனை காலம் காத்திருந்தார். வந்தபோது அது பெரிதாக இல்லை. கேட்டிருக்கவேண்டிய அப்பா கூட்டத்தில் இல்லை. நீது குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினாள். அவர் வாசித்தார். இரண்டாவது சரணத்தில் ஒரு சுரம் தவறியது. ஆனாலும் நிறுத்தவில்லை, பாட்டு முடிகிற வரை நின்றார்.

மறுவாரத்துக்குள் மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். நாலு பேருக்கும் ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. முதல் மாதம் படங்களும் வீடியோக்களும் வந்தன. பிறகு பிறந்தநாள் வாழ்த்து. பிறகு அதுவும் குறைந்தது. யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை; வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. தாணு பழையபடி கவுண்டரில் உட்கார்ந்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவராகவே ஸ்ரீகுமாருக்கு போன் செய்தார். அப்படி அவர் யாரையும் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"எந்தா தாணு, எதாவது விசேஷமா?" ஸ்ரீகுமாரின் குரலில் பயம் தெரிந்தது.

"ஒண்ணுமில்லடே. சும்மா."

இரண்டு பேருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. இங்கே மழை என்றார் தாணு. இங்கே வெயில் குறைந்திருக்கிறது என்றான் ஸ்ரீகுமார். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பதினொரு நிமிஷம் ஆயிற்று. வைக்கும்போது, "அடுத்த ஞாயிறு நான் வீட்லதான் இருப்பேன்" என்றான் ஸ்ரீகுமார்.

"செரி, கூப்பிடுதேன்" என்றார் தாணு.