ஸ்ட்ரெதம் கொமன் பூங்கா விழாவும் கையில் கொடுக்காத அழைப்பும்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: பிள்ளைகளோடு லண்டனில் கோடையைக் கழிக்க வேண்டும், கையைக் கடிக்காமல் எங்கே போகலாம்? பூங்காக்களில் நடக்கும் இலவசக் கலைவிழாக்களுக்குப் போங்கள் என்பதுதான் என் பதில். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, உடுப்புக் கட்டுப்பாடு இல்லை. புல்லில் பாயை விரித்துக்கொண்டு இருந்தால் நாடகம், நடனம், மேளம், பொம்மலாட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து போகும்.

நான் முதன்முதலாக அப்படி ஒன்றுக்குப் போனது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஜூலையில், ஒரு சனிக்கிழமை. இடம் தென்லண்டனில் ஸ்ட்ரெதம் கொமன் என்ற பொதுப் பூங்கா. ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் குறித்து வைக்கும் வியாதி எனக்கு உண்டு. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆகவே கீழே வரும் நேரங்களை நம்பலாம். கட்டணங்களை நம்ப வேண்டாம், அவை அந்தக் காலத்தோடு போய்விட்டன.

போன காரணம் மகள் தாரணி. அப்போது ஒன்பது வயது. அவளுடைய நடன வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு விழாவில் பதினைந்து நிமிடம் கிடைத்திருந்தது. மேடை ஏறும் நேரம் 2.40.

இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது. ஸ்ட்ரெதமில் என் அக்கா இருக்கிறார். எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. அந்தக் கொமனிலிருந்து ஏழு நிமிட நடையில் வீடு. அவர் என்னோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது.

பிழை என்னுடையது. தொண்ணூறில் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கினோம். குடிபூரலுக்கு, அதாவது பால் காய்ச்சிப் புதுவீடு புகும் நாளுக்கு, அழைப்பிதழ் அடித்தோம். எங்கள் ஊர்ப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும்: நெருங்கிய சொந்தத்துக்குப் புருஷனும் மனைவியுமாய் நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். நான் அப்போது பெற்றோல் ஸ்டேஷனில் இரட்டை ஷிப்ட். நேரமில்லை என்று எல்லா அழைப்பிதழுக்கும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன், அக்காவின் அழைப்பிதழுக்கும் சேர்த்து. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா வரவில்லை. ஒரு உறவுக்காரரிடம் சொன்னாராம்: "காஸ் பில்லும் என்ரை தம்பியின்ரை கார்டும் ஒரே நாளிலை கதவுத் தபால் ஓட்டைக்குள்ளாலை விழுந்தது. ரெண்டையும் ஒரே இடத்திலை வைச்சிருக்கிறன்." அதற்குப் பிறகு நான் போன் எடுத்தால் அக்காவின் புருஷன், அத்தான்தான் பேசுவார். அக்கா குளிக்கிறா என்பார். ஒரு மனுஷி இரண்டு வருடம் குளித்தார்.

விழா நோட்டீஸ் வந்ததும் என் மனைவி வசந்தி சொன்னாள்: "இஞ்சருங்கோ, இது நல்ல சாட்டு. ரெண்டு பேரும் போய் மச்சாளிட்டை நேரிலை சொல்லுவம்." எனக்கு என் கௌரவம். "கவுன்சில் நடத்துற விழாவுக்கு நான் ஆர் ஆக்களைக் கூப்பிட? ஆரும் வரலாம் எண்டுதானே போட்டிருக்கு" என்று கேட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முந்திய சனி தனியாக ஸ்ட்ரெதம் போய்க் கதவைத் தட்டினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. பத்து நிமிடம் நின்றேன். பிறகு நோட்டீஸின் ஓரத்தில் "தாரணி ஆடுகிறாள், 2.40" என்று பேனையால் எழுதி, கதவு ஓட்டைக்குள் தள்ளிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, திரும்பவும் அந்த ஓட்டைக்குள்ளாலையோ? பீட்சா நோட்டீஸோடை சேத்துக் குப்பையிலை போட்டிருப்பா!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை 10.35க்கு ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில். நாள் முழுவதும் செல்லும் டிக்கெட் பெரியவருக்கு இரண்டு பவுண் எண்பது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு 11.12. அங்கே பாலத்தடியில் 109 பஸ்ஸுக்குப் பதினெட்டு நிமிடம் காத்து நின்றோம். கென்னிங்டன், பிரிக்ஸ்டன் வழியாக மேட்டில் ஏறி ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் போகும். பிரிக்ஸ்டனில் சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. தாரணி முழு மேக்கப்போடு மேல்தட்டின் முன்சீட்டில் இருந்தாள். அவள் கண்ணின் மையைப் பார்த்து ஒரு ஜமேக்காக்கார அம்மா வாழ்த்திவிட்டு இறங்கினார். கொமனில் நாங்கள் இறங்கியபோது 12.31. வீட்டு வாசலிலிருந்து மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

கொமன் ஒரு பெரிய சரிவான புல்வெளி. வீதியோரம் தாழ்ந்து, போகப் போக உயர்ந்து, உச்சியில் மரங்களுக்குள் முடியும். சரிவு இருப்பதால் பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரியும். மேடை என்றால் பந்தல் ஒன்றும் இல்லை. ஒரு நீண்ட லொறியைக் குறுக்கே நிறுத்தி, அதன் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முன்னால் முப்பது நாற்பது மடிப்புக் கதிரைகள், அதற்குப் பின்னால் எல்லாரும் புல்லில்.

நாங்கள் போனபோது பித்தளை வாத்தியக் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. 1.10க்குப் பொம்மலாட்டம். 1.40க்கு மூன்று பேர் நடித்த பகிடி நாடகம், அதில் ஒரு பெண் ஏணியோடு படாத பாடு பட்டாள், பாஷை விளங்காத சின்னப் பிள்ளைகளும் உருண்டு சிரித்தார்கள். 2.10க்கு ஆபிரிக்க மேளம். ஒவ்வொன்றும் நோட்டீஸில் போட்ட நிமிடத்துக்கே தொடங்கியது. எங்கள் ஆட்களின் மண்டப நிகழ்ச்சி போல ஐந்து மணி என்றால் ஆறரைக்கு விளக்கேற்றும் கதை இங்கே இல்லை.

உண்மையைச் சொன்னால் இதில் பாதியை நான் பார்க்கவில்லை. மேடையை விட்டுப் பக்கவாட்டு வீதியின் பக்கமாகத் திரும்பி, கொமனுக்குள் நுழைகிற ஒவ்வொரு சேலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சேலைகள் வந்தன. மூன்றும் வேறு பிள்ளைகளின் தாய்மார்.

"அங்கை பாத்து என்ன பிரயோசனம்? பிள்ளையைப் பாருங்கோ" என்றாள் வசந்தி.

2.20க்குத்தான் வில்லங்கம் தொடங்கியது. பிள்ளைகளை மேளக்காரருக்குப் பின்னால் மேடை ஓரத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஆசிரியை கூட்டிக்கொண்டு போனார். வெறுங்காலோடு ஏறிய எட்டுப் பேரும் துள்ளிக்கொண்டு இறங்கினார்கள். லொறியின் தட்டு முழுவதும் தகரம். அன்று ஃபாரன்ஹீட்டில் எண்பத்தைந்து டிகிரி வெயில். முன்பு ஆடியவர்கள் எல்லாரும் சப்பாத்தோடு நின்றதால் ஒருவருக்கும் இது தெரியவில்லை. மேடைக்குப் பொறுப்பான ஆள், சிவந்த முகத்தோடு ஒரு பெரிய மனிதர், நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார்: பிள்ளைகளும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆடலாமே? ஆசிரியை எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "சலங்கையோடை சப்பாத்தோ? ஏலவே ஏலாது. நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வீட்டை போறன்."

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகம் விளங்கியது. ஓடிப்போய்ப் பூந்தோட்டக்காரரிடம் இரண்டு பூவாளி வாங்கி வந்தார். மேள ஆட்டம் முடிந்த கையோடு தட்டில் தண்ணீர் ஊற்றினார். ஆவி பறந்தது. திரும்ப ஊற்றினார். சூடு அடங்கியது, ஆனால் இப்போது வழுக்கும். துடைக்கத் துணி இல்லை. நான் எங்கள் சாப்பாட்டு விரிப்பை உருவிக்கொண்டு மேடையில் ஏறினேன். வசந்தியும் ஏறினாள். கையில் இருந்தது பன்னிரண்டு நிமிடம். இருவரும் முழங்காலில் நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தோம். எங்களுக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைத்தது, கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும்.

துடைத்து முடித்து நிமிர்ந்தேன். எனக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், மூன்றாவது கதிரையில் அக்கா இருந்தார்.

பச்சைச் சேலை, மடியில் கைப்பை, கையில் குடை. பக்கத்துக் கதிரையில் அத்தான். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பிறகு தெரிந்தது, பன்னிரண்டு மணிக்கே வந்து இடம் பிடித்திருக்கிறார்கள். நான் இரண்டு மணி நேரமாக வீதியைப் பார்த்து நின்றேன், அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழை இல்லை.

எனக்குச் சந்தோஷம். பயமும் இருந்தது.

2.40க்குப் பிள்ளைகள் ஏறினார்கள், 2.55க்கு இறங்கினார்கள். தாரணி ஒரு இடத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஆடினாள், மற்றப்படி குறை இல்லை. நடனம் முடிவதற்குள் தட்டு திரும்பவும் சுடத் தொடங்கியிருக்கிறது. மேடைப் படியில் அவள் நொண்டிக்கொண்டு வரும்போது அக்கா ஈரத்துவாயோடு அங்கே நின்றார். தண்ணீரையும் துவாயையும் எப்போது தேடினாரோ தெரியாது. பிள்ளையைக் கதிரையில் இருத்தி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, துவாயால் சுற்றினார். சேலையெல்லாம் அவள் காலில் பூசியிருந்த குங்குமக் குழம்பு.

நான் கிட்டப் போனேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையிடம் சொன்னார்:

"தாரணி, கொப்பரிட்டைச் சொல்லு. ஆரும் கூப்பிட்டு நான் வரேல்லை. நான் பார்க்குக்கு வந்தனான். வருசா வருசம் வாறனான்."

தாரணி என்னைப் பார்த்தாள். "அப்பா, மாமி சொல்லுறா..."

"கேட்டது. நான் நோட்டீஸ் போட்டனான் எண்டு மாமிக்குச் சொல்லு."

"அந்த ஓட்டைக்குள்ளாலை என்னென்னவோ எல்லாம் விழும் எண்டு சொல்லு."

"கதவைத் தட்டினனான் எண்டு சொல்லு. பத்து நிமிசம் நிண்டனான்."

"நான் ஷிப்டிலை இருந்தன் எண்டு சொல்லு. போன் எண்டு ஒண்டு இருக்கு எண்டும் சொல்லு."

"போன் எடுத்தால் மாமி குளிக்கிறாவாம்."

அத்தான் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கத் தொடங்கினார். தாரணிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்திலைதானே நிக்கிறீங்கள்! எனக்குக் கால் எரியுது!" என்று கத்தினாள்.

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. அடுத்த நிகழ்ச்சி முழுவதும் பிள்ளையின் காலை மடியில் வைத்தபடியே இருந்தார். அது என்ன நிகழ்ச்சி என்று என் நோட்டில் இல்லை.

3.50க்கு வானம் திடீரென்று கறுத்தது. லண்டன் கோடை, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய துளிகள் விழுந்தன. அக்கா குடையைப் பிள்ளைக்குப் பிடித்தபடி எழுந்தார், இரண்டடி நடந்தார், திரும்பினார்.

"டேய், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா. நனையப் போகுது."

இரண்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் பாயைச் சுருட்டினேன். கண் தெரியவில்லை, மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன் இம்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள், பிறகு மறந்துவிடுவேன். 109 இப்போது வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருவதில்லை. விக்டோரியா போய் அங்கிருந்து ரயிலில் ஸ்ட்ரெதம் கொமன் நிலையத்துக்குப் போவது சுகம், இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், பிறகு கொஞ்சம் நடை. எந்தப் பூங்காவில் எந்தக் கிழமை என்பது வருடத்துக்கு வருடம் மாறும், கவுன்சில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு அரை மணி முந்திப் போனால் கதிரை கிடைக்கும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு குடும்பம் 3.30க்கு, இரண்டு சட்டி புரியாணியோடு, நடனம் பார்க்க வந்து சேர்ந்தது. பாய், குடை, குடிதண்ணீர் மூன்றும் கட்டாயம். பிள்ளை ஆடுவதென்றால் மேடை என்னவென்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு பழைய துவாய் கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இனி வீடு. அக்கா தேத்தண்ணி போட்டார், தாரணியின் காலுக்கு மருந்து பூசினார். பிறகு சமையலறை மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து, காஸ் பில்களுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். எங்கள் குடிபூரல் அழைப்பிதழ். முத்திரையோடு, என் கையெழுத்தோடு. அதை என் கையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இப்ப தா. ரெண்டு பேரும் சேந்து தாங்கோ."

நானும் வசந்தியும் ஈர உடுப்போடு பக்கத்தில் பக்கத்தில் நின்று, நான்கு கையாலும் அதைக் கொடுத்தோம். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். உறையைக் கிழித்தார். அந்த நிமிடம் வரை அதைத் திறக்கவே இல்லை! மூக்குக்கண்ணாடி போட்டு, அன்றுதான் செய்தி தெரிந்தது போல மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"ஓ, குடிபூரலோ? நல்ல விஷயம். கட்டாயம் வருவம்."

அழைப்பிதழில் ஞாயிறு, சுபநேரம் காலை 10.12 என்று போட்டிருந்தது. அடுத்த ஞாயிறு 10.05க்கு எங்கள் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பட்டுச்சேலை, ஒரு கையில் புதுக் குடம், மறு கையில் உப்பும் மஞ்சளும்.

"பால் காய்ச்சியாச்சோ?" என்று கேட்டார் அக்கா.

இன்னும் இல்லை என்றேன்.