வெள்ளாற்று அணையில் பரிசல் ஏறினேன்

என் வீட்டுக்காரர் மௌத்தாகி, நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காக்கிற இத்தா இருந்து முடித்து வெளியே வந்ததும், சொந்தக்காரர் வீடு எதற்கும் போகவில்லை. வெள்ளாற்று அணைக்குத்தான் போனேன். 1962 தை மாதம். வருஷா வருஷம் பறவை பார்க்க அவர் என்னை அங்கே கூட்டிப்போவார். அவர் பரிசலில் ஏறிப் போவார், நான் பயந்துகொண்டு கரையிலேயே நிற்பேன். பதினோரு வருஷம் இப்படி. இந்தத் தடவை ஏறியே தீருவது என்று கிளம்பினேன். துணைக்குத் தம்பி காதர் வந்தான்.

மணமேல்குடியில் காலை ஐந்தரைக்கு பஸ். அறந்தாங்கி இருபது மைல், எழுபது நயா பைசா. அங்கே வேறு பஸ் மாறி எட்டேமுக்காலுக்குப் புதுக்கோட்டை. அணைக்கு இன்னும் ஐந்து மைல், குதிரை வண்டிதான். இரண்டு ரூபாய் கேட்பார்கள், ஒன்றேகாலுக்கு வருவார்கள்.

கரையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கட்டுச்சோறு. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலை தெரியாமல் நாரையும் கூழைக்கடாவும். பை மாதிரி அலகு தொங்குகிற கூழைக்கடாவைக் காட்டி, “உன் தம்பி சோறு தின்கிற வாய்” என்பார் அவர். நானும் வருஷம் தவறாமல் கோபித்துக்கொள்வேன்.

பரிசல்காரர் சின்னையா காவிரிக்கரையிலிருந்து வந்தவர். “ராவுத்தர் வரலீங்களா ஆத்தா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் ஏறணும்” என்றேன்.

“ஏறுங்க. தம்பியும் ஏறுனா நிறை சரியா இருக்கும்.”

காதர் இரண்டடி பின்னால் போனான். “நீ போய்ட்டு வா லாத்தா. நான் செருப்பைப் பாத்துக்கிறேன்.”

“நல்லா பாத்துக்கங்க தம்பி. கால் மொளச்சு ஓடிரப் போகுது!” என்றார் சின்னையா.

ஒற்றை ஆளை ஏற்றினால் பரிசல் ஒரு பக்கம் சாயும். அதற்காகக் கரையில் கிடந்த கல் ஒன்றைத் தூக்கி எனக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

“கல்லுக்கு எதுக்குச் சாக்கு?”

“ராவுத்தர் போடச் சொன்னதுங்க. அவுக தனியா ஏறும்போதெல்லாம் இதுதான் எதிர்ல. ‘எங்க வீட்டம்மாப்பா, மெதுவா வையி’ம்பாக. போற வழியெல்லாம் இதுக்குத்தான் ஒவ்வொரு பறவையாக் காட்டிப் பேசிக்கிட்டு வருவாக.”

பரிசல் நகர்ந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். சின்னையா மரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தார்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் அசையாது. பரிசலுக்கு ஆளுக்கு இருபத்தைந்து நயா பைசா. பயமாக இருந்தாலும், கூட வந்தவர் கூப்பிடும்போதே ஏறிக்கொள்ளுங்கள். மரங்கள் இருக்கும் பக்கம் தண்ணீர் நெஞ்சளவுதான். அவர் சொல்லத்தான் செய்தார், நான் நம்பவில்லை.