ஐந்து நாள் என்று நான் சொன்னது

நெடுந்தீவில் நாட்டு வைத்தியம் பார்த்த எங்கள் பகுதிப் பரியாரியார் கெட்டிக்காரர். பெண்கள் அவரிடம் போகத் தயங்கியதற்கு ஒரே காரணம், அவர் ஆம்பிளை. தீவு ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டொக்டரும் ஆம்பிளைதான். ஆகவே சின்னம்மாவுக்கு வயிற்றுக்குத்து தொடங்கியபோது, மருந்து வாங்க அம்மா என்னை அனுப்பினார். எனக்குப் பத்து வயது. சிறுபிள்ளை போய்ச் சொன்னால் இரு பக்கத்திலும் வெட்கமில்லை. தான் சொல்வது இன்னதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் முடிந்து இரண்டு வருடம். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா நாற்பது நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். கனடாவுக்குக் கூப்பிட அவர் அனுப்ப வேண்டிய கடிதங்களுக்காகச் சின்னம்மா எங்கள் வீட்டில் காத்திருந்தார்.

"நான் ஒருக்காப் போனனெண்டால், பிறகு கையிலை பிள்ளையோடைதான் வந்து இறங்குவன்" என்பார்.

"பெட்டையோ, பெடியனோ?"

"எதெண்டாலும் பரவாயில்லை. உன்னைப்போல வாயாடியா இருக்கக்கூடாது."

முதலில் அம்மாவின் வைத்தியம்தான் நடந்தது. கருப்பைக்குப் பலம் போதாது என்பது அம்மாவின் முடிவு. பெரியபிள்ளையான பெட்டைகளுக்குக் கொடுப்பதையே சின்னம்மாவுக்கும் கொடுத்தார். விடிய வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உளுத்தங்களி. சின்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பார்.

"இன்னும் ரெண்டு கிழமை குடிச்சால் நான் கொக்கரிக்கத் தொடங்கிடுவன் அக்கா."

"கொக்கரி. முட்டை வாங்கிற காசு மிச்சம்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சின்னம்மாவின் உதடு நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு வந்தது. கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகுதான் நான் பரியாரியார் வீட்டுக்குப் போனேன்.

அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார்.

"ஆருக்கு மருந்து?"

"சின்னம்மாவுக்கு. வயித்துக்குத்து."

அவர் எப்படிக் கேட்பது என்று யோசித்திருக்க வேண்டும்.

"மாசத்திலை எத்தினை நாள் அவ ஒதுங்கி இருக்கிறவ?"

அது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் துடக்கு வந்தவர்கள் பக்கத்துச் சின்ன அறையில் தனிப் பாயில் படுப்பார்கள். தனிக் கோப்பையில் சாப்பிடுவார்கள். குசினிக்குள்ளும் சாமியறைக்குள்ளும் வரமாட்டார்கள். ஐந்தாம் நாள் விடியத் தலை தோய்ந்துவிட்டு உள்ளே வருவார்கள்.

"அஞ்சு நாள்" என்றேன்.

"அதுக்கு மேலை இல்லையோ?"

"இல்லை. அஞ்சாம் நாள் தோஞ்சிட்டுச் சமைக்க வந்திடுவா."

வேறு ஏதாவது சொன்னாவா என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய் எள்ளும் கருஞ்சீரகமும் ஏதோ வேர்களும் கட்டிய ஒரு சரையைக் கொண்டுவந்து தந்தார். அவித்து, பனங்கட்டி கரைத்துக் குடிக்க வேண்டும். "இது சூடு. தடைப்பட்டு நிக்கிறதை இளக்கி விடும். குத்து நிக்கும்" என்றார். நான் சொன்ன வருத்தத்துக்கு அது சரியான மருந்து.

சின்னம்மா ஒதுங்கியதிலிருந்து ஒன்பதாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் தேசிமரத்தின் பின்னால், படுக்கை விரிப்புக்கு அடியில், பழைய சீலைத் துண்டுகள் காய்வதை நான் கண்டிருந்தேன். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் ஒதுங்கி இருக்க எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இருந்தால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் கடல் கடந்து யாழ்ப்பாணம் கொண்டுபோவார்கள். அதற்குப் பயந்து சின்னம்மா மாதாமாதம் ஐந்தாம் நாள் தோய்ந்தார். உதிரம் நிற்காமலே குசினிக்குள் வந்து உலை வைத்தார்.

மருந்து குடித்த நான்காம் நாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். குசினித் தரையில் இரத்தம் வாசற்படி வரைக்கும் போனது. அம்மா சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனடி சொல்லேல்லை? எத்தினை நாளா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனால் கருப்பையை எடுத்துப்போடுவினம் அக்கா. எனக்கு ஒரு பிள்ளை வேணும்."

செய்தி கேட்டுப் பரியாரியார் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்ற என்னிடம் கேட்டார்.

"நீ அஞ்சு நாள் எண்டுதானே சொன்னனி?"

"ஓம். அஞ்சு நாள்தான்."

அவர் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். "இது என்ரை கையாலை ஏலாது. கப்பலை மறிக்கச் சொல்லுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் பாயை விரித்துச் சின்னம்மாவை இறங்குதுறைக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் காத்து நின்றது. முன்பக்கத்தில் சாமிப்படம் இருக்கிறது, பின்னுக்கு வளத்துங்கோ என்று ஒருவர் சொன்னார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பின்னுக்கே கிடத்தினார்.

யாழ்ப்பாணத்தில் கருப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். உள்ளே கட்டிகள். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் கட்டிகளை மட்டும் எடுத்திருக்கலாம் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னாராம். அந்த டொக்டர் ஒரு பெண்.

மூன்று கிழமைக்குப் பிறகு சின்னம்மா வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவுக்கு இப்போதைக்குச் சொல்வதில்லை, கடிதங்கள் சரிவரட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். வயிற்றில் சின்ன ஒப்பரேசன் என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த முடிவை எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "கருப்பையை எடுத்தாச்சு. இனி அவளுக்கு மாதத் துடக்கே இல்லை" என்று சொன்னதை மட்டும் கேட்டேன். எனக்குப் பெரிய சந்தோசம். ஒதுங்கும் அறையின் இருட்டுக்கு நான் அப்போதே பயந்துகொண்டிருந்தேன். சின்னம்மா அதிலிருந்து தப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் போன் வந்தபோது சின்னம்மா நித்திரை. அம்மா கிணற்றடியில். நான் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் கல்வேலிப் பக்கம் ஓடினேன்.

"சின்னம்மா எப்பிடி இருக்கிறா?"

"நல்ல சுகம் சித்தப்பா. கருப்பையை எடுத்திட்டினம். இனி அவ ஒரு நாளும் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் எங்கள் தீவில் லைன் அறுந்துபோவது வழக்கம். நான் இரண்டு தரம் அலோ சொன்னேன். பிறகு கல்வேலியின் உயரமான இடத்தில் ஏறி நின்று, அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, முதலிலிருந்து இன்னும் பலத்துச் சொன்னேன்.