மின்சுடலையின் புகைக்கூண்டு

என் அப்பா இறந்தபோது நான் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் இல்லை. அவருக்கு நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். வேன் தெருமுனையில் திரும்பியதுமே அத்தைமார்கள் வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன். அப்பாவைக் கொண்டுபோன இடம் எப்படி இருக்கும் என்று பதினோரு வருடங்களாக நான் யாரையும் கேட்டதில்லை.

அங்கே நான் முதன்முதலாகப் போனது வேலை விஷயமாகத்தான்.

நான் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களைப் பார்த்து, எது தாங்கும், எது தாங்காது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மலேசியாவில், சுபாங் ஜெயாவில் அம்மாவோடு இருக்கிறேன். போன வருடக் கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரங்களில், துறைமுக ஊரான கிள்ளானிலிருந்து ஒருவர் போன் செய்தார். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் அங்கிருக்கும் ஒரு மின்சுடலைக்குக் குழுத் தலைவராக இருந்தார்.

"மேல இருந்து சிமெண்டு துண்டு துண்டா விழுது மா," என்றார். "நேத்து சனங்க உக்கார்ற கொட்டகை மேல விழுந்து தகரமே ஓட்டையாயிடுச்சு. நல்ல வேளை, கீழ ஆள் இல்ல. ரெண்டு கொன்ட்ராக்டர் வந்து பார்த்தாங்க. ஒருத்தர் பூசினா போதும், ரெண்டு நாள் வேலைங்கறார். இன்னொருத்தர் மொத்தமா உடைச்சுட்டுப் புதுசா வார்க்கணும், மூணு வாரம் மூடணும்ங்கறார். யாரை நம்பறதுன்னு தெரியல. நீ ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லு மா."

"வரேன் அங்கிள்," என்றேன். போனை வைத்த பிறகுதான் எங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. அப்பாவை எரித்ததும் அங்கேதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனேன். மின்சுடலை என்று பெயரே தவிர, உலை டீசலில் ஓடியது. மண்டபத்தின் பின்பக்கம் செங்கல்லால் கட்டிய சதுரமான புகைக்கூண்டு. அதன் உச்சியில், மழை செங்கல்லுக்குள் இறங்காமலிருக்க வார்த்திருந்த கான்கிரீட் மூடிதான் பிரச்சினை. அங்கே எல்லோரும் அதைத் தொப்பி என்றார்கள். தொப்பியின் நடுவில் இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புகை போவது அதன் வழியாக.

உலையை இயக்குகிறவர் ஐம்பதைக் கடந்தவர். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். விழுந்த துண்டுகளை ஒன்றுகூட வீசாமல் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தார்.

"இது தீபாவளிக்கு முன்னாடி விழுந்தது மேடம். இது போன வாரம். பாருங்க, வர வர பெருசாகுது," என்றார். பிறகு, "மூணு மணிக்குத்தான் ஒரு உடல் வருது. அதுவரைக்கும் உலை ஆறித்தான் கிடக்கும். நிதானமா ஏறிப் பாருங்க," என்றார்.

புகைக்கூண்டை ஒட்டிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறினேன். மேலே போய்ச் சுத்தியலால் தட்டத் தொடங்கினேன். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே பிளந்து விட்டுப்போனது டொக்கென்று சொல்லும். வடக்குப் பக்கம் முழுவதும் கணீரென்றது. கடல் காற்று அடிக்கிற தென்மேற்குப் பக்கம் டொக்கென்றது. வெடிப்புகளுக்குள் கம்பி துருவேறி உப்பியிருந்தது. தொப்பியைச் செங்கல்லின் விளிம்போடு நிறுத்தியிருந்தார்கள், ஓரம் வெளியே நீட்டவில்லை. அதனால் மழைநீர் நேராகச் சுவரில் வழிந்து செங்கல் இடுக்குகளை அரித்திருந்தது. இரும்புக் குழாயைச் சுற்றி இடைவெளியும் விடவில்லை. குழாய் சூட்டில் விரியும்போதெல்லாம் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது.

பாதி நன்றாக இருந்ததுதான் சிக்கல். முழுதும் கெட்டிருந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை.

குழாயின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். விரல் கறுப்பாகிவிட்டது. அப்பாவும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றேன். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. வேலை முடியவில்லை, மறுபடியும் தட்டினேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் கீழிருந்து உலைக்காரர் கையை ஆட்டினார். "இறங்கி வாங்க மேடம்! வேன் வந்துடுச்சு!"

மழை வருமென்று பயந்து சீக்கிரமே புறப்பட்டு வந்துவிட்டார்கள். கேரி தீவு எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இறந்தது ஒரு வயதான அம்மாள். கூட வந்தது அவருடைய மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல், உலைக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தோம். நான் பெண், தலைக்கவசமும் வேலைக் காலணியுமாக நிற்கிறேன் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"காரியம் செய்யறது யாரு?" என்று உலைக்காரர் கேட்டார்.

"நான்தான்," என்றார் மகள். என் வயதுதான் இருக்கும்.

"சரி மா. தலைமாட்டுல நில்லுங்க," என்றார் அவர், தினமும் கேட்கிற பதில் போல.

சடங்கு முடிவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. உலைக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உலை சூடாகணும் மா. கொஞ்ச நேரம் ஆகும்," என்று மகளிடம் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் உலைக்குப் பின்சுவரைக் காட்டினார். செங்கல்லில் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கூண்டு நனைஞ்சா புகை மேல ஏறாது மேடம். திரும்பி ஹாலுக்குள்ள வந்துடும். ஒரு தடவை அப்படி ஆயிடுச்சு. பெத்தவங்களோட புகையில சனங்க இருமிக்கிட்டே வெளிய ஓடினாங்க. அதுலேருந்து மழையில நான் உடலை உலையில ஏத்தறதே இல்ல."

காத்திருந்தோம். அந்த மகள் அம்மாவின் காலருகே உட்கார்ந்து, போர்த்தியிருந்த துணியை நீவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, "நீங்களும் யாருக்காவது வந்திருக்கீங்களா அக்கா?" என்றார்.

"இல்ல. புகைக்கூண்டைப் பார்க்க வந்தேன். வெடிச்சிருக்கு. மூடிட்டுச் சரிபண்ணணும் போல."

"மூடிடுவீங்களா?" என்று பதறினார். "எங்கப்பாவை இங்கதான் எரிச்சோம். தன்னையும் இங்கதான் கொண்டு வரணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. மூடியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல."

துணியை மறுபடி நீவிவிட்டுக் கேட்டார்: "நிஜமாவே உலை சூடாகத்தான் காத்திருக்கோமா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "மழைத்தண்ணி உள்ள இறங்குது. அது நிக்கணும்."

"அப்படியே சொல்லியிருக்கலாமே," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மழை விட்டதும் இரும்புக் கதவு திறந்தது. பெட்டி உள்ளே போயிற்று. உலைக்காரர் காட்டிய பொத்தானை மகள் அழுத்தினார். நான் கும்பிட்டபடி நின்றேன். கடைசிவரை அங்கிருந்து நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பின்வாசல் வழியாகவே வரச் சொன்னார். குளித்துவிட்டு வந்தேன். சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

சொன்னேன். மண்டபம், செங்கல், இரும்புக் கதவு, சுவரில் ஒரு பொத்தான்.

"சுத்தமா வச்சிருக்காங்களா?"

"சுத்தமா வச்சிருக்காங்க மா."

தலையாட்டினார். எனக்கு ரசம் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. ஐந்து பேரும் பூசுவதற்குச் சாய்ந்துதான் வந்திருந்தார்கள்.

"பூசினா எத்தனை நாள் தாங்கும் மா?" என்றார் தலைவர்.

"ஒரு மழைக்காலம் தாங்கும் அங்கிள். அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு. வெறும் மயிரிழை வெடிப்பா இருந்தா நானே பூசச் சொல்லியிருப்பேன். உள்ள கம்பி துரு பிடிச்சிருக்கு. மேல எதைப் பூசினாலும் அது உப்பித் தள்ளிடும். அப்ப விழறது இன்னும் பெரிய துண்டா இருக்கும்."

"மூணு வாரம் மூடினா சனங்க எங்க போவாங்க லா? சாவு நம்மளைக் கேட்டுட்டா வருது?" என்றார் இன்னொருவர்.

அவர் கேட்டதும் நியாயம். கேரி தீவிலிருந்து வந்த அந்த மகளின் முகம் எனக்குள் வந்து நின்றது. மழைக்காக அவரைக் காக்க வைத்ததும் தவறு, மூடிவிட்டு அவரை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தாலும் தவறு. இரண்டில் எதைச் சொல்வது?

அப்போது வாசலில் நின்றிருந்த உலைக்காரர் தயங்கிக்கொண்டே பேசினார். "ஒண்ணு கேட்கலாமா மேடம்? தொப்பியை மேலதான் வார்க்கணுமா? கீழயே வார்த்து, காஞ்சப்புறம் கிரேன் லோரியில தூக்கி வச்சா? அது காயற வரைக்கும் நான் இங்க வேலையைப் பார்ப்பேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பூசுவதா, மாற்றுவதா என்றே யோசித்துக்கொண்டிருந்தவள் இதை யோசிக்கவே இல்லை. அங்கேயே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நான்கு துண்டுகளாக வார்த்தால் தூக்கலாம். ஓரத்தை வெளியே நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளம் விட்டு, குழாயைச் சுற்றி இடைவெளியும் வைத்துவிடலாம். மூட வேண்டியது மூன்று வாரமில்லை, எட்டு நாள்.

"மாத்திடலாம் அங்கிள்," என்றேன். "பூசறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. "எழுதிக் குடு மா," என்றார்.

கீழே வார்த்த நான்கு துண்டுகளும் காய்ந்து முடிந்ததும் கேட்டில் அறிவிப்பு ஒட்டினோம். ஷா ஆலாம் பக்கத்து மின்சுடலை ஒன்றில் பேசி இடம் கேட்டுவைத்தோம், போக வர ஒரு வேனும் ஏற்பாடாயிற்று. அறிவிப்பில் யாருடைய எண்ணைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது என்னுடையதைக் கொடுத்தேன். முடிவு என்னுடையது, கேட்கிறவர்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

பழைய தொப்பியை அறுத்து இறக்கியபோது தென்மேற்குப் பக்கத்துக் கம்பிகள் குச்சி போல மெலிந்திருந்தன. நான் தப்பாகச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நான்காம் நாள் வரைதான்.

அன்று காலை ஒருவர் கூப்பிட்டார். கிள்ளான்காரர். அவருடைய அப்பா முந்தின இரவு தவறிவிட்டார்.

"எங்கப்பா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். "இந்த மின்சுடலை கட்டினப்ப லீவு நாள்ல வந்து செங்கல்லு சுமந்தவர். அவரை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போகணுமா நான்? இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா நீங்க?"

"மன்னிச்சிடுங்க அண்ணே," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். வேனும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தாமே வண்டி பிடித்துக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எட்டாம் நாள் நான்காவது துண்டும் ஏறியது. உலைக்காரர் வெறும் உலையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அன்று பிற்பகலே மழை அடித்தது. இருவரும் பின்சுவரருகே போய் நின்றோம். செங்கல் காய்ந்தபடியே இருந்தது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இனி மழையிலயும் ஏத்தலாம் மேடம்," என்றார்.

நான்காம் நாள் போன் செய்தவரின் வீட்டில் கருமாதி நடக்கப்போவதைத் தலைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போகலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். வாசலில் அவரே நின்றிருந்தார், நான் யாரென்று சொன்னேன். ஒரு கணம் என்னையே பார்த்தார். அவமதித்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று மனதைத் திடப்படுத்தியிருந்தேன்.

"உள்ள வாங்க," என்றார்.

படத்துக்குப் பூப் போட்டேன். பந்தியில் உட்கார வைத்தார்கள். அவர்தான் சோறு பரிமாறிக்கொண்டு வந்தார். என் இலைக்கு முன்னால் நின்று, "புதுசு எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமாவது தாங்கணும் அண்ணே."

"சரி," என்றார். சோற்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.