ஒடுக்கு இல்லாத கதவு

தொண்ணூறுகளில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னச் சின்ன மாடல் கார் செய்யும் பைத்தியம் எனக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்காது.

நாங்கள் குடியிருந்த பாடி பகுதியில் எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா, கணவர் இறந்ததும் அவருடைய டாக்ஸியை விற்றுவிட்டார். அதே வண்டியைச் சின்னதாகச் செய்து கொடுத்தேன். அக்கா இடதுபக்கக் கதவைத் தடவினார்.

"ஒடுக்கு எங்க தம்பி?"

அசிங்கமாக இருக்குமென்று அந்த நசுங்கலை மட்டும் செய்யாமல் விட்டிருந்தேன்.

"லாரி இடிச்சதுலேர்ந்து அந்தக் கதவு உள்ளேர்ந்து தொறக்காது. ஒவ்வொரு தபாவும் அவரே எறங்கி, சுத்திகினு வந்து, எனக்குத் தொறந்து வுடுவாரு. கடசி வரைக்கும் ரிப்பேரே பண்ணல."

கரண்டிக் காம்பைச் சூடாக்கி, வழவழப்பான அந்தக் கதவை மெல்ல அமுக்கினேன். அக்கா காரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் செய்ததில் அளவு பிசகாத கார் அது ஒன்றுதான்.